அயற்கூற்று

குத்தாயிசி நகரில், மருந்துக்கடைக்கு மேலே
ஓர் அறை. ஏழு பேர், ஒரு கணப்பு.
செவ்வாய், வியாழன், மாலை ஏழரைக்கு
ஆங்கிலம் வரும். சில நாள் மின்சாரம் வராது.

இன்று கேத்தினோ
கரும்பலகையை இரண்டாகப் பிளந்தாள்.
இந்தப் பக்கம் சொன்னவர் வாய்,
அந்தப் பக்கம் கேட்டவர் வாய்.
நடுக்கோட்டைத் தாண்ட வரி உண்டு:
'இங்கே'யைக் கொடுத்துவிட்டு 'அங்கே'யை வாங்க வேண்டும்.
'இப்போது' போய் 'அப்போது' வரும்.
'நான்' எல்லையில் இறங்கி
'அவன்' ஆகி மறுபடி ஏறும்.
வினைச்சொற்கள் எல்லாம்
ஒரு படி பின்னால் போய் நிற்கும்,
என்ன தப்பு செய்தன என்று தெரியாமலே.

மேற்கோள் குறிகளை என்ன செய்ய, என்றான் பாத்ரி.
கழற்றி வைத்துவிடுங்கள், என்றாள்,
ஈரமான கோட்டை வைப்பதுபோல, வெளியிலேயே.

அவர்கள் மொழியில் இத்தனை பாடில்லை.
அடுத்தவர் சொன்னதை அப்படியே சொல்லி
கடைசியில் ஓர் 'ஓ' ஒட்டினால் போதும்.
நான், இங்கே, நாளை எல்லாம்
சொன்னவன் வைத்த இடத்திலேயே இருக்கும்.
நம்மிடமும் ஓர் ஓ உண்டு.
வருவானோ. தருவானோ.
அதன் வேலை வேறு.

வீட்டுப்பாடம்: வீட்டில் கேட்ட ஒரு வாக்கியம்.
சந்தையில் பாலாடைக்கட்டி விற்கும் சியாலா
போஸ்னானில் ஓடு பதிக்கும் தம்பியை எழுதி வந்திருந்தாள்.
'அடுத்த வாரம் உன் பணத்தைத் தந்துவிடுவேன்.'
இரண்டாயிரம் லாரி
(வண்டியல்ல, அவர்கள் நாட்டுப் பணம்).
தருவதாகச் சொன்னான் என்பது வரை சரி.
'அடுத்த வாரம்' என்பதில் சிவப்பு விழுந்தது.
அதற்கடுத்து வந்த வாரம் என்று எழுத வேண்டுமாம்.

சியாலா எழுந்துவிட்டாள்.
"அவன் சொல்லி மூன்று வருஷம்.
அதற்கடுத்து வந்த வாரம்
வந்து, போய், புல்லும் முளைத்துவிட்டது.
உன் பேச்சைக் கேட்டு எழுதினால்
என் கடன் காலாவதி ஆகிவிடும்.
அடுத்த வாரம் என்றே இருக்கட்டும்,
அதுதான் எப்போதும் முன்னால் இருக்கிறது."

ஆறு பேரும் சிரித்தார்கள்.
கேத்தினோ விதிப்புத்தகத்தைப் புரட்டினாள்.
இன்னும் உண்மையாகவே இருக்கும் செய்தியை
மாற்றாமல் விடலாம் என்று
அடியில் பொடியெழுத்தில் ஒரு வரி.
அரை மதிப்பெண் போட்டாள்.

அப்போதுதான் கைபேசி.
நுக்ஸார். நினைத்ததும் வந்துவிட்டான், ஆயுசு நூறு.
சியாலா கணப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
ஒரு நிமிஷம் இருக்குமா,
அவள் வாயிலிருந்து 'ம்' தவிர ஒன்றுமில்லை.
அந்த 'ம்'களும்
வரவர ஒரு படி பின்னால் போயின.

என்ன சொன்னான், என்ன சொன்னான்?
ஆங்கிலத்தில் சொல்லு சியாலா!

கோட்டில் இரண்டு கைகளையும் துடைத்துக்கொண்டு
நிதானமாகச் சொன்னாள்.
ஹி செட் தட்
ஹி வுட் பே மீ
த ஃபாலோயிங் வீக்.

ஒரு பிழை இல்லை.
கேத்தினோ கைதட்டிவிட்டு
அந்த வாக்கியத்தை அப்படியே
பலகையின் அந்தப் பக்கத்தில் எழுதினாள்.
முழு மதிப்பெண்.

பாத்ரி குளிருக்காக
கணப்போடு ஒட்டி உட்கார்ந்திருந்தான்.
கைபேசிக்கும் அவன் காதுக்கும் ஒரு முழம்.
'அக்கா, வேலை போய்விட்டது.
படுக்க இடமில்லை இங்கே.
அம்மாவிடம் சொல்லாதே.'
இருபத்தொன்றாம் தேதி போஸ்னான் பேருந்தில்
பாத்ரிக்கு இடம் போட்டாகிவிட்டது,
ஜன்னலோரம், முன்பணம் கட்டி.

சியாலா உட்கார்ந்தாள்.
சிவப்பு விழுந்த இடத்தைத் திருத்தி எழுதினாள்.

பாத்ரி அவள் பக்கம் பார்க்காமல்
அடுத்த பயிற்சி எந்தப் பக்கம்
என்று கேட்டான்.